விசேட வகுப்பா, சாதாரண வகுப்பா? தீர்மானத்தில் எமது பெற்றோருக்கு உள்ள இடம்

கியூபெக் மாகாண அரசு 2025ஆம் ஆண்டு யூன் மாதத்தில் பாடசாலைகளின் வரவுசெலவுத் திட்டத்தில் 57 கோடி டொலரைக் குறைக்குமாறு பணித்தது. பெற்றோரும் ஆசிரியர்களும் கடும் எதிர்ப்புத் தெரிவித்ததை அடுத்து, யூலை மாதத்தில் 54 கோடி டொலர் வரையிலான தொகையை நிபந்தனைகளுடன் மீள ஒதுக்க முன்வந்தது. மாணவருக்கான நேரடிச் சேவைகளுக்கே அப்பணம் செலவிடப்படவேண்டும் என்பது அந்நிபந்தனைகளுள் முக்கியமானது. ஒரு கோடைகாலத்துக்குள் நடந்து முடிந்த இந்த இழுபறி, கல்விக்கான பணம் சுருங்கும்போது எது முதலில் ஆட்டங்காணும் என்ற கேள்வியை மீண்டும் எழுப்பியது. பேச்சுப் பயிற்சி அளிப்பவர், உளவியலாளர், வகுப்பில் பிள்ளையின் அருகே இருந்து உதவும் விசேட கல்வி உதவியாளர் ஆகியோரின் சேவைகளே அவை. இவர்களில் தங்கியிருப்போர் உடல், உளக் குறைபாடுகள் கொண்ட பிள்ளைகள். அப்பிள்ளைகளுள்ளும், பெற்றோர் வாய் திறந்து கேளாத பிள்ளைக்கே உதவி கடைசியாக வந்து சேரும் என்பது உலக நடைமுறை.

இதனை நாம் இங்கு எடுத்துப் பேசுவதற்குக் காரணம் உண்டு. 1983 யூலை வன்செயல்களின் பின்னர் மிராபெல் விமான நிலையத்தில் வந்திறங்கி, பார்க் எக்ஸ்ரென்சனிலும் கோட் டி நேஜிலும் குடியேறிய எமது தலைமுறை இன்று பேரப்பிள்ளைகளைக் கண்டுவிட்டது. அதேவேளை, அகதிக் கோரிக்கை விசாரணைக்காகக் காத்திருக்கும் புதிய குடும்பங்களும் எம்மிடையே உள்ளன. இவ்விரு தரப்பினருக்கும் பாடசாலையிலிருந்து ஒரு நாள் ஓர் அழைப்பு வரக்கூடும். “உங்கள் பிள்ளை இந்த வகுப்பில் சிரமப்படுகிறார், வேறொரு வகுப்பு அவருக்குப் பொருத்தமாக இருக்கும் என நினைக்கிறோம்” என்பதே அதன் சாரம்.

அவ்வேளையில் எம்மவர் பெரும்பாலும் இரண்டில் ஒன்றைச் செய்கின்றனர். ஒரு சாரார், படித்த ஆசிரியர் சொன்னால் சரியாகத்தான் இருக்கும் என்று காட்டிய இடத்தில் கையொப்பமிட்டுவிட்டு வருகின்றனர். மறு சாரார், எமது பிள்ளைக்கு ஒரு குறையும் இல்லை என்று கோபத்துடன் எழுந்து, பாடசாலையை மாற்றவோ வீட்டையே மாற்றவோ முற்படுகின்றனர். முன்னது மரியாதையின் பெயராலும் பின்னது மானத்தின் பெயராலும் செய்யப்படுகின்றன. ஆனால், சட்டம் பெற்றோருக்கென ஒதுக்கி வைத்துள்ள ஆசனம் இரண்டு வழியிலும் வெறுமையாகிறது. அந்த ஆசனத்தில் அமர்வது எவ்வாறு என்பதே இக்கட்டுரையின் பொருள்.

சட்டம் கூறுவது என்ன?

குறைபாடுள்ள பிள்ளைகளைத் தனி நிறுவனங்களில் ஒதுக்கி வைப்பதே ஒரு காலத்தில் கியூபெக்கிலும் வழக்கமாக இருந்தது. 1976இல் வெளியான கொப்பெக்ஸ் குழுவின் அறிக்கை அதற்கு மாற்றுப் பாதையை வகுத்தது. ஒவ்வொரு பிள்ளையும் இயன்றவரை சாதாரண சூழலிலேயே கற்கவேண்டும். தேவை கூடும் அளவுக்கே படிப்படியாகத் தனிச் சேவைகள் கூட்டப்படவேண்டும் என்பது அதன் அடிப்படை. 1978இல் அங்கவீனமுற்றோரின் உரிமைகளை உறுதிப்படுத்தும் சட்டம் நிறைவேறியது. கியூபெக்கின் மனித உரிமைச் சாசனத்திலும் அதே ஆண்டில் அங்கவீனம் காரணமான பாரபட்சத்துக்கு எதிரான பாதுகாப்புச் சேர்க்கப்பட்டது. 1988இல் வந்த கல்விச் சட்டமே இன்று வரை நடைமுறையில் உள்ள அடிப்படைச் சட்டமாகும். 1999இல் மாகாணக் கல்வி அமைச்சு, பாடசாலையே மாணவருக்கேற்ப மாறவேண்டும் என்ற நோக்குடன் விசேட கல்விக் கொள்கை ஒன்றையும் வெளியிட்டது.

கல்விச் சட்டத்தின் நான்கு பிரிவுகளை எமது பெற்றோர் நினைவில் வைத்திருப்பது நன்று. 1ஆம் பிரிவு, பிள்ளைக்குக் கல்வி பெறும் உரிமையை 18 வயது வரை வழங்குகிறது; சட்டத்தின் வரைவிலக்கணப்படி அங்கவீனமுற்ற பிள்ளையாயின் அவ்வுரிமை 21 வயது வரை நீள்கிறது. 96.14ஆம் பிரிவு, அத்தகைய பிள்ளைக்கென ஒரு தனியாள் கல்வித் திட்டத்தைப் பாடசாலை அதிபர் தயாரிக்கவேண்டும் எனவும், அதனைப் பெற்றோரின் உதவியுடனும், பிள்ளைக்குச் சேவை வழங்குவோரின் உதவியுடனும், இயலுமாயின் பிள்ளையின் உதவியுடனுமே செய்யவேண்டும் எனவும் கூறுகிறது. பாடசாலைகளில் ‘பிளான் டன்ரெர்வான்சியோன்’ என அழைக்கப்படுவது இதுவே. 234ஆம் பிரிவு, பிள்ளையின் ஆற்றலையும் தேவையையும் மதிப்பிட்டுச் சேவைகளை அதற்கேற்ப அமைக்குமாறு பணிக்கிறது. 235ஆம் பிரிவு வகுப்பைப் பற்றியது. சாதாரண வகுப்பில் சேர்ப்பது பிள்ளையின் கற்றலுக்கும் சமூக இணைவுக்கும் துணை செய்யும் என மதிப்பீடு காட்டினால், பிள்ளையை அங்கேயே சேர்க்கவேண்டும். அது அளவுமீறிய சுமையாகவோ ஏனைய மாணவரின் உரிமையைக் கணிசமாகப் பாதிப்பதாகவோ இருந்தால் மட்டுமே விலக்கு உண்டு.

இப்பிரிவுகளைச் சேர்த்து வாசிப்போருக்கு ஓர் ஒழுங்கு புலப்படும். மதிப்பீடு முன்னே, வகுப்பு பின்னே. எந்த வகுப்பில் இடம் காலியாக உள்ளது, எந்த உதவியாளர் கிடைப்பார் என்பன தொடக்கப் புள்ளியாக இருத்தல் ஆகாது. ஆனால் நடைமுறை அவ்வாறு இல்லை. கியூபெக்கின் மக்கள் குறைகேள் அதிகாரி 2022இல் ஆரம்பப் பாடசாலைகளின் விசேட சேவைகள் பற்றி வெளியிட்ட அறிக்கை, பிள்ளையின் தேவையைப் பார்த்துச் சேவை வழங்குவதற்குப் பதிலாக, கையில் உள்ள வளத்தைப் பார்த்துச் சேவை வழங்கப்படுவதைச் சுட்டிக்காட்டியது. மனித உரிமைகள் ஆணைக்குழு 2018இல் நடத்திய ஆய்வும் இம்மாணவர்களின் சமத்துவ உரிமை முழுமை பெறவில்லை என்பதையே எடுத்துரைத்தது.

நீதிமன்றங்களின் தீர்ப்புகள்

சாதாரண வகுப்பே எப்போதும் சிறந்தது என்று கூறிவிட முடியுமா? இக்கேள்வி கனடாவின் அதியுயர் நீதிமன்றம் வரை சென்றுள்ளது. ஒன்ராறியோவின் பிரான்ற் மாவட்டத்தைச் சேர்ந்த எமிலி ஈற்றன் என்ற சிறுமி பெருமூளை வாதத்தால் பாதிக்கப்பட்டவர், பேச இயலாதவர். சாதாரண வகுப்பில் மூன்று ஆண்டுகள் இருந்த பின்னர் அவரை விசேட வகுப்புக்கு மாற்ற அதிகாரிகள் முடிவு செய்தனர். பெற்றோர் எதிர்த்தனர். 1995இல் ஒன்ராறியோ மேன்முறையீட்டு நீதிமன்றம் பெற்றோரின் பக்கம் நின்றது. ஆனால் அதியுயர் நீதிமன்றம் அத்தீர்ப்பை மாற்றியது. 1997 பெப்ரவரியில் அதற்கான காரணங்களை வெளியிட்டது. சாதாரண வகுப்பில் சேர்ப்பதே பொதுவான நெறி எனினும், எல்லாப் பிள்ளைகளுக்கும் அதுவே நன்மை என முன்கூட்டியே கருதமுடியாது என்றும், ஒவ்வொரு பிள்ளையின் நலனையும் அப்பிள்ளையின் நிலையிலிருந்தே நோக்கவேண்டும் என்றும் நீதியரசர் சொப்பிங்கா விளக்கினார். பிள்ளையைச் சூழவுள்ள பெரியவர்களின் விருப்பம் இங்கு அளவுகோல் ஆகாது.

மற்றொரு வழக்கு பிரித்தானிய கொலம்பியாவைச் சேர்ந்தது. ஜெவ்ரி மூர் என்ற மாணவருக்கு வாசிப்பதில் கடுமையான குறைபாடு இருந்தது. அவருக்கு வேண்டிய தீவிர பயிற்சியை வழங்கிய நிலையத்தை வட வன்கூவர் கல்விச் சபை 1994இல் பணப் பற்றாக்குறையைக் காரணம் காட்டி மூடிவிட்டது. பெற்றோர் தமது பணத்தில் தனியார் பாடசாலைக்கு அனுப்பினர், வழக்கும் தொடுத்தனர். 2012 நவம்பரில் அதியுயர் நீதிமன்றம் குடும்பத்துக்குச் சார்பாகத் தீர்ப்பளித்தது. சக்கர நாற்காலியில் வருபவருக்குச் சாய்தளம் எவ்வாறோ, அவ்வாறே இத்தகைய பிள்ளைக்கு விசேட கல்வி என்று நீதியரசர் அபெல்லா விளக்கினார். மாற்று வழி எதனையும் ஆராயாது, பணம் இல்லை என்று மட்டும் கூறிச் சேவையை நிறுத்துவது நியாயமாகாது என்பது அத்தீர்ப்பின் உட்பொருள்.

ஈற்றன் வழக்கு மானம் காக்க நினைக்கும் பெற்றோருக்கும், மூர் வழக்கு பணம் சேமிக்க நினைக்கும் நிர்வாகிகளுக்கும் பாடமாகும். மொன்றியலில் விக்ரர் டோறே, மக்கே சென்ரர் போன்ற விசேட பாடசாலைகள் பல பிள்ளைகளுக்கு உரிய பயிற்சியையும் ஆறுதலையும் தந்துவருகின்றன. கை கால் இயங்காத பிள்ளைக்கு உடற்பயிற்சி வல்லுநர் உள்ள இடமே வாய்ப்பாக அமையலாம். ஆகவே விசேட வகுப்பு என்ற சொல்லைக் கேட்டவுடன் அஞ்சுதல் வேண்டாம். எந்த மதிப்பீட்டின் அடிப்படையில், எத்தனை காலத்துக்கு, எந்த நோக்கத்துக்காக என்ற மூன்றுக்கும் பதில் பெறாது இணங்குதலும் வேண்டாம்.

மொழியா, குறைபாடா?

எமது பிள்ளைகளின் விடயத்தில் மதிப்பீட்டுக்கு ஒரு தனிச் சிக்கல் உண்டு. 1977இன் 101ஆம் இலக்கச் சட்டத்தின்படி, புதிதாக வந்த குடும்பங்களின் பிள்ளைகள் பிரெஞ்சுப் பாடசாலைக்கே செல்லவேண்டும். வீட்டில் தமிழ், வீதியில் ஆங்கிலம், வகுப்பில் பிரெஞ்சு. புதிதாக வந்த பிள்ளை முதலில் ‘கிளாஸ் டக்கேய்’ எனும் வரவேற்பு வகுப்பில் பிரெஞ்சு கற்கிறது. அப்பிள்ளை பேசாதிருப்பது மொழி புரியாமையாலா, போரும் இடப்பெயர்வும் தந்த அதிர்ச்சியாலா, அல்லது உண்மையான குறைபாட்டாலா என்பதை வெளியிலிருந்து பார்ப்போர் எளிதில் பிரித்தறிய முடியாது.

இத்தவறு புதியதன்று. ரொறன்ரோப் பேராசிரியர் ஜிம் கமின்ஸ் 1984இல் வெளியிட்ட நூலில், ஆங்கிலத்தைத் தாய்மொழியாகக் கொள்ளாத 400க்கு மேற்பட்ட மாணவர்களின் உளவியல் மதிப்பீடுகளை ஆராய்ந்தார். பிள்ளை விளையாட்டு மைதானத்தில் சரளமாகப் பேசுவதைக் கண்டு, மொழிச் சிக்கல் தீர்ந்துவிட்டது எனக் கருதிய ஆசிரியர்கள், பாடத்தில் பின்தங்கியதற்குக் குறைபாட்டைக் காரணமாக்கியதை அவர் எடுத்துக்காட்டினார். பேச்சுமொழி ஓரிரு ஆண்டுகளில் வந்துவிடும். பாட மொழியில் ஏனையோருக்கு நிகராவதற்கு ஐந்து முதல் ஏழு ஆண்டுகள் ஆகலாம் என்பது அவரது முடிவு. எனவே பிரெஞ்சில் மட்டும் நடத்தப்படும் ஒரு சோதனையைக் கொண்டு, ஈராண்டுக்கு முன் வந்த பிள்ளையின் அறிவாற்றலை நிறுத்துப் பார்ப்பது பொருந்தாது.

இதற்கு எதிர்மாறான தவறும் நிகழ்வதுண்டு. “புதிதாக வந்த பிள்ளை, மொழி வந்தால் எல்லாம் சரியாகிவிடும்” என்று ஆண்டுக்கணக்கில் காத்திருக்க வைத்து, ஓட்டிசமோ செவிப்புலக் குறைபாடோ உள்ள பிள்ளை உரிய வயதில் பெறவேண்டிய உதவியை இழக்கச் செய்வதே அது.

இவ்விடத்தில்தான் பெற்றோரின் சாட்சியம் பெறுமதி பெறுகிறது. உண்மையான மொழிக் குறைபாடு ஒரு மொழியில் மட்டும் தோன்றி மற்றொன்றில் மறைந்திருப்பதில்லை. பிள்ளை பேசும் எல்லா மொழிகளிலும் அது வெளிப்படும். ஆகவே, பிள்ளை முதற்சொல்லை எந்த வயதில் பேசியது, தமிழில் கேட்ட கதையைத் திருப்பிச் சொல்கிறதா, உடன்பிறந்தாரோடு ஒப்பிடுகையில் வேறுபாடு தெரிந்ததா, பெயர் சொல்லி அழைத்தால் திரும்பிப் பார்க்கிறதா என்பவற்றைப் பட்டம் பெற்ற உளவியலாளர் எவரும் தாமாக அறிய இயலாது. அவற்றை அறிந்தவர் தாய்; அவரோடு பிள்ளையை வளர்த்த அம்மம்மாவும் அறிவார். பிரெஞ்சு தெரியாமையால் நாம் எதனைச் சொல்வது என்று ஒதுங்கும் பெற்றோரிடமே, பிரெஞ்சு தெரிந்த அனைவருக்கும் வேண்டிய தகவல் இருக்கிறது.

வீட்டில் தமிழை நிறுத்திவிட்டுப் பிரெஞ்சு அல்லது ஆங்கிலம் மட்டும் பேசுங்கள் என்று சில பெற்றோருக்கு அறிவுரை கூறப்படுவதுண்டு. இதற்கு ஆய்வின் ஆதரவு இல்லை. மக்கில் பல்கலைக்கழகப் பேராசிரியர் பிரெட் ஜெனிசி முதலியோர் பல ஆண்டுகளாகச் செய்த ஆய்வுகளும், டவுன் நோய்க்குறி உள்ள பிள்ளைகள் பற்றிக் கனடாவில் 2005இல் வெளியான ஆய்வும், இருமொழிச் சூழல் இப்பிள்ளைகளுக்கு மேலதிக கேடு விளைவிப்பதில்லை என்றே காட்டுகின்றன. பெற்றோருக்குச் சரளமாக வராத மொழியில் பிள்ளையோடு பேசும்போது வீட்டில் பேச்சே குறைந்துவிடும். தமிழ் ஒரு பிள்ளைக்குப் பாரம் என்று எவரேனும் கூறினால், எந்த ஆய்வின்படி என்று மரியாதையாகக் கேட்கலாம்.

101ஆம் இலக்கச் சட்டத்தின் 81ஆம் பிரிவு பற்றியும் சிறிது கூறவேண்டும். கடுமையான கற்றல் குறைபாடு உள்ள பிள்ளை, பெற்றோரின் விண்ணப்பத்தின் பேரில், ஆங்கிலத்தில் கல்வி பெற அது வழி செய்கிறது. உடன்பிறந்தாருக்கும் அச்சலுகை நீளலாம். ஆங்கிலப் பாடசாலையில் இடம் பெறுவதற்கான குறுக்கு வழியாக இதனைச் சிலர் பேசுவதுண்டு. அவ்வாறு நோக்குதல் தவறு. நிபுணரின் மதிப்பீடு இன்றி அது கிடைப்பதில்லை. வீட்டில் ஆங்கிலமே பிள்ளைக்குப் பழகிய மொழி என்ற நிலையில் உள்ள குடும்பங்கள் மட்டும் அதனைக் கருத்திற்கொள்ளலாம்.

கூட்டத்தில் கேட்கவேண்டியவை

கல்வித் திட்டக் கூட்டத்தில் ஒரு மேசையைச் சுற்றி அதிபர், ஆசிரியர், உளவியலாளர், விசேட கல்வியாளர் என நால்வர் அல்லது ஐவர் அமர்ந்திருப்பர். ஒரு மணி நேரத்துக்குள் எல்லாம் முடிந்துவிடும். தயாரின்றிச் செல்லும் பெற்றோர் தலையசைப்பதோடு நின்றுவிடுவர்.

முதலாவதாக, மொழிபெயர்ப்பாளர் வேண்டும் என்று கூட்டத்துக்கு முன்னரே அறிவிக்கவேண்டும். பாடசாலை ஒழுங்கு செய்யாவிடின், நம்பிக்கையான ஒருவரை உடன் அழைத்துச் செல்லவேண்டும். மூத்த பிள்ளையைக் கொண்டு தம்பியின் குறைபாட்டை மொழிபெயர்ப்பிப்பது அப்பிள்ளைக்கு நாம் இழைக்கும் அநீதி. பன்னிரண்டு வயதுப் பிள்ளை கேட்கக்கூடாத சொற்களும் சுமக்கக்கூடாத பொறுப்பும் அங்கு உண்டு.

இரண்டாவதாக, மதிப்பீட்டு அறிக்கைகளின் பிரதியைப் பெற்று, கூட்டத்துக்கு முன்னரே ஒருவரைக் கொண்டு வாசித்து விளங்கிக்கொள்ளவேண்டும். சோதனை எந்த மொழியில் நடந்தது, பிள்ளையின் செவிப்புலனும் பார்வையும் முதலில் பரிசோதிக்கப்பட்டனவா என்று கேட்கவேண்டும்.

மூன்றாவதாக, பிள்ளைக்கு வழங்கப்படும் குறியீட்டு எண்ணை அறியவேண்டும். கியூபெக் கல்வி அமைச்சின் முறையில் ஓட்டிசத்துக்கு 50, மொழிக் குறைபாட்டுக்கு 34, மிதமானது முதல் கடுமையானது வரையிலான அறிவுவளர்ச்சிக் குறைபாட்டுக்கு 24 என எண்கள் உள்ளன. பாடசாலைக்கு வரும் நிதியும் சேவைகளும் இவ்வெண்களோடு தொடர்புடையன. எண் என்பது பிள்ளையின் நெற்றியில் எழுதப்படும் எழுத்து அன்று. ஆனால் அது எதனைத் திறக்கிறது, எதனை மூடுகிறது என்பதைப் பெற்றோர் அறிந்திருக்கவேண்டும்.

நான்காவது கேள்வியே மிக முக்கியமானது. பாடத்திட்டம் பிள்ளைக்காக ‘அடப்ராசியோன்’ செய்யப்படுகிறதா, ‘மொடிவிக்காசியோன்’ செய்யப்படுகிறதா? கேட்பதற்கு ஒன்றுபோல் ஒலிக்கும் இவ்விரு சொற்களுக்கும் இடையே பிள்ளையின் எதிர்காலம் கிடக்கிறது. முன்னது, பாடத்தின் தரம் மாறாது வழியை மட்டும் மாற்றுவது: பரீட்சைக்கு மேலதிக நேரம், கணினி, வாசித்துக் காட்டும் கருவி போன்றவை. பின்னது, வயதுக்குரிய பாடத்தின் எதிர்பார்ப்பையே குறைப்பது. அவ்வாறு குறைக்கப்பட்ட பிள்ளையின் பெறுபேறு ஏனையோரின் அளவுகோலால் கணிக்கப்படுவதில்லை; இடைநிலைக் கல்வியின் முடிவில் வழமையான டிப்ளோமா பெறுவதற்கான வழியும் இதனால் அடைபடலாம். பிற்காலத்தில் பதினைந்து வயதில் வேலைப் பயிற்சிப் பிரிவுக்கு மாற்றப்படும்போது, எமக்கு இது தெரியாதே என்று திகைப்போரின் திகைப்பு, பெரும்பாலும் ஆறு ஏழு ஆண்டுகளுக்கு முன்னர் கையொப்பமிட்ட ஒரு தாளில் தொடங்குகிறது. சில பிள்ளைகளுக்கு எதிர்பார்ப்பைக் குறைப்பதே சரியான வழி. அதனை அறிந்து ஏற்பது வேறு; அறியாது ஒப்புவது வேறு.

ஐந்தாவதாக, திட்டம் எப்போது மீளாய்வு செய்யப்படும் என்ற திகதியை எழுத்தில் பெறவேண்டும். விளங்காத எதிலும் அங்கேயே கையொப்பமிடவேண்டிய கட்டாயம் இல்லை. வீட்டுக்குக் கொண்டுசென்று வாசித்த பின்னர் தருகிறேன் என்று கூறுவது அவமரியாதை ஆகாது.

குடிவரவுக் கோப்பு பற்றிய அச்சம்

பலர் வெளியே சொல்லாத அச்சம் ஒன்றும் உண்டு. பிள்ளைக்குக் குறைபாடு என்று எழுத்தில் பதிந்தால் எமது அகதிக் கோரிக்கையோ நிரந்தர வதிவிடமோ பாதிக்கப்படும் என்பதே அது. இவ்வச்சத்தால் வைத்தியரிடம் செல்லாதோரும், பாடசாலையின் மதிப்பீட்டை மறுப்போரும் உண்டு.

இவ்வச்சம் காரணமின்றி எழுந்ததன்று. மருத்துவ, சமூக சேவைகளுக்கு அளவுமீறிய சுமையாகக் கூடியவரை ஏற்க மறுக்கலாம் என்ற விதி கனடியக் குடிவரவுச் சட்டத்தின் 38ஆம் பிரிவில் உள்ளது. அறிவுவளர்ச்சிக் குறைபாடுள்ள பிள்ளைகளைக் கொண்ட குடும்பங்கள் இவ்விதியால் மறுக்கப்பட்டு, 2005இல் ஹிலவிற்ஸ் வழக்கில் அதியுயர் நீதிமன்றம் வரை சென்று வென்றன. ஆயினும் இரண்டு விடயங்களை எம்மவர் உறுதியாக அறியவேண்டும். அகதியாக ஏற்றுக்கொள்ளப்பட்டோருக்கும் பாதுகாக்கப்பட்ட ஆட்களுக்கும் இவ்விதி பொருந்தாது. கணவன் அல்லது மனைவியாலும் பெற்றோராலும் பொறுப்பேற்று அழைக்கப்படும் துணைவருக்கும் பிள்ளைகளுக்கும் பொருந்தாது. ஏனையோரைப் பொறுத்தவரையிலும், 2018 யூன் மாதம் முதல் விசேட கல்விச் சேவை இவ்விதியின் கணக்கிலிருந்து நீக்கப்பட்டுள்ளது. வேறு வகையான விண்ணப்பம் செய்தோர் தமது சட்டத்தரணியிடம் கேட்டுத் தெளியலாம். பிள்ளையின் உதவியைத் தள்ளிப்போடுதல் ஆகாது. 2017இல் கியூபெக் கொண்டுவந்த திருத்தத்தின்படி, குடிவரவு நிலை எதுவாயினும் மாகாணத்தில் வாழும் பிள்ளைக்கு இலவசக் கல்வி உண்டு என்பதும் நினைவிற்கொள்ளத்தக்கது.

இணங்காவிடின் என்ன செய்வது?

ஒன்ராறியோவில் பிள்ளையை எங்கு சேர்ப்பது என்பதைத் தீர்மானிக்கத் தனிக் குழு ஒன்று உண்டு. அதன் முடிவுக்கு எதிராக மேன்முறையீடு செய்ய வகுக்கப்பட்ட பாதையும் உண்டு. ரொறன்ரோவில் உள்ள உறவினர் கூறும் அறிவுரையை அப்படியே மொன்றியலில் பின்பற்ற முனைவோர் ஏமாறுவது இதனாலேயே. கியூபெக்கின் பாதை வேறு.

2022இல் நிறைவேறி 2023 ஓகஸ்ற் 28 முதல் நடைமுறைக்கு வந்த சட்டத்தின் கீழ், தேசிய மாணவர் குறைகேள் அதிகாரி என்ற பதவி உருவாக்கப்பட்டுள்ளது. பிரெஞ்சில் ‘புறொரெக்தர் நசியோனல் டு லெலேவ்’ என்பர். முறைப்பாட்டுக்கு மூன்று படிகள் உண்டு. முதலில் சம்பந்தப்பட்ட அலுவலரிடம் அல்லது அவரது மேலதிகாரியிடம். அவருக்கு 10 வேலைநாட்கள். திருப்தி இல்லையேல் கல்விச் சேவை நிலையத்தின் முறைப்பாட்டுப் பொறுப்பாளரிடம்; அவருக்கு 15 வேலைநாட்கள். அதன் பின்னர் பிராந்தியக் குறைகேள் அதிகாரியிடம். அவருக்கு 20 வேலைநாட்கள். முறைப்பாட்டை வாய்மொழியாகவும் கூறலாம். அதனை வடிவமைக்க உதவியும் கேட்கலாம். முறைப்பாடு செய்தவரைப் பழிவாங்குதல் சட்டத்தால் தடுக்கப்பட்டுள்ளது. இவ்வதிகாரி வழங்குவது பரிந்துரையே. எனினும் எழுத்தில் வரும் பரிந்துரையை எந்த நிர்வாகமும் எளிதில் புறக்கணிப்பதில்லை. குறைபாடு காரணமாகப் பாரபட்சம் காட்டப்பட்டதாகக் கருதுவோர் மனித உரிமைகள் ஆணைக்குழுவையும் நாடலாம்.

அத்துடன், கல்விச் சட்டத்தின் 185ஆம் பிரிவின்படி ஒவ்வொரு கல்விச் சேவை நிலையத்திலும் விசேட தேவையுடைய மாணவருக்கான ஆலோசனைக் குழு ஒன்று இயங்கவேண்டும். அதில் பெற்றோரும் அங்கத்தவர். எமது பிள்ளைகள் பயிலும் பாடசாலைகள் பல இருந்தும், இக்குழுக்களில் அமர முன்வரும் எம்மவரைக் காண்பது அரிது.

எமது சமூகத்தின் பங்கு

ஆசிரியர்களின் பக்கத்தையும் நாம் மறக்கலாகாது. கியூபெக்கின் பொதுப் பாடசாலைகளில் ஐந்தில் ஒருவருக்கும் மேற்பட்ட மாணவர் ஏதோ ஒரு வகையில் விசேட உதவி தேவைப்படுவோராகக் கணிக்கப்பட்டுள்ளனர். இருபதுக்கு மேற்பட்ட பிள்ளைகள் உள்ள வகுப்பில், உதவியாளர் இன்றி, அவர்களுள் நால்வர் ஐவரின் தனித் தேவைகளைக் கவனிக்கும் ஆசிரியையின் களைப்பு உண்மையானது. அவரை எதிரியாகக் கருதும் பெற்றோர் பிள்ளைக்கு நன்மை செய்வதில்லை. உதவியாளர் வேண்டும் என்று பெற்றோர் எழுத்தில் கேட்கும்போது, அது பலவேளைகளில் அந்த ஆசிரியைக்கும் பலம் சேர்க்கிறது.

தாயகத்தில் கைதடியில் செவிப்புலன், விழிப்புலன் இழந்த பிள்ளைகளுக்கென நவீல்ட் பாடசாலை நெடுங்காலமாக இயங்கிவருவதை யாழ்ப்பாணத்தார் அறிவர். போர் எத்தனையோ பேரின் கை கால்களையும் பார்வையையும் பறித்த பின்னர், உடலின் குறையைப் பழிக்காத பக்குவம் எமது மக்களிடம் ஓரளவு வளர்ந்தது. ஆனால் அறிவு வளர்ச்சியிலும் நடத்தையிலும் காணப்படும் குறையை ஊழ்வினை என்றும், குடும்பத்தின் இழுக்கு என்றும், மூத்த பெண்ணின் திருமணப் பேச்சுக்குத் தடை என்றும் மறைக்கும் வழக்கம் கடல் கடந்தும் எம்முடன் வந்துவிட்டது. விழாவுக்கும் கோவிலுக்கும் அழைத்து வரப்படாத பிள்ளைகள் எமது நகரத்தில் இல்லை என்று நெஞ்சில் கைவைத்து எவரால் கூறமுடியும்?

சாதாரண வகுப்பில் எமது பிள்ளைக்கு இடம் கொடு என்று கியூபெக்கிடம் கேட்கும் நாம், எமது சனிக்கிழமைத் தமிழ்ப் பாடசாலைகளிலும் நடன, இசை வகுப்புகளிலும் அதே பிள்ளைக்கு இடம் கொடுக்கிறோமா என்று கேட்டுக்கொள்ளவேண்டும். இயலாது என்று திருப்பி அனுப்பும் இடத்தில், அளவுமீறிய சுமை என்ற சொல்லை நாமும் பயன்படுத்துகிறோம் அல்லவா?

செய்யக்கூடியவை பெரிய செலவு இல்லாதவை. ஒவ்வொரு ஊர்ச் சங்கமும், கோவிலும், தமிழ்ப் பாடசாலையும், பிரெஞ்சு நன்கறிந்த இருவர் மூவரை இத்தகைய கூட்டங்களுக்குப் பெற்றோருடன் செல்ல ஆயத்தப்படுத்தலாம். இங்கு பிறந்து வளர்ந்த எமது இளைஞர்களுள் உளவியலும் கல்வியியலும் கற்றோர் உள்ளனர். அவர்களுக்கு இதைவிடச் சிறந்த தொண்டு இல்லை. பிள்ளையின் மருத்துவ அறிக்கை, பாடசாலைக் கடிதம், கல்வித் திட்டம் ஆகியவற்றைத் திகதி வாரியாக ஒரு கோப்பில் சேர்த்து வைக்கும் பழக்கத்தை ஒவ்வொரு தாய்க்கும் கற்பிக்கலாம். அகதிக் கோரிக்கைக்காக ஒவ்வொரு தாளையும் பத்திரப்படுத்தத் தெரிந்த எமக்கு இது கடினமானதன்று.

பண ஒதுக்கீடு ஓராண்டு குறையும், மறு ஆண்டு கூடும். அமைச்சர்கள் மாறுவர், வகுப்புகள் திறக்கப்படும், மூடப்படும். ஆனால் ஏழு வயதில் எடுக்கப்படும் ஒரு தீர்மானம் பிள்ளையை இருபத்தொரு வயது வரை பின்தொடரும். அத்தீர்மானம் எழுதப்படும் மேசையில் சட்டம் எமது பெற்றோருக்கு ஓர் ஆசனத்தை இட்டு வைத்துள்ளது. அடுத்த கூட்டத்துக்கான கடிதம் வரும்போது, அதில் அமர்ந்து, தமக்குத் தெரிந்ததைத் தமிழிலேனும் சொல்லி, விளங்காததைக் கேட்டு, அதன் பின்னர் கையொப்பமிடுவதே எமது பெற்றோரின் கடமையாகும்.